எண்ணூர் கம்பெனி இங்கிலாந்தில் ஏன் பணம் போட்டது? வியாசர்பாடி மின்சார பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் முதலீட்டுக் கணக்கு

2025 ஜூன் 30. எம்.கே.பி. நகரை ஒட்டிய வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். படி ஏறாமலே பஸ்ஸுக்குள் போகலாம், புகை இல்லை, சத்தம் இல்லை. வடசென்னைக்குப் புது பஸ் முதலில் வந்ததே பெரிய விஷயம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 2025 மார்ச்சில், இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஷெர்பர்ன்-இன்-எல்மெட் என்ற சின்ன ஊருக்கு வேறொரு செய்தி வந்தது. அங்கே இருக்கும் மின்சார பஸ் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்த யோசிக்கிறோம், அது பற்றி ஊழியர்களுடன் கலந்தாய்வு தொடங்குகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது.

வியாசர்பாடியில் ஓடுவதும், ஷெர்பர்னில் உற்பத்தி நிற்பதும் ஒரே பெயர் கொண்ட பஸ்தான். 'ஸ்விட்ச்'. இரண்டுக்கும் தாய் கம்பெனி அசோக் லேலண்ட். எண்ணூரில் பிறந்த அதே அசோக் லேலண்ட்.

'அந்நிய நேரடி முதலீடு' என்றாலே வெள்ளைக்காரன் பணம் கொண்டுவந்து நம்ம ஊரில் ஃபேக்டரி கட்டுவது என்றுதான் நினைப்போம். இங்கே கதை தலைகீழ். நம்ம ஊர் கம்பெனி ஒரு பணக்கார நாட்டில் முதலீடு போட்டு, அங்கே தொழிலாளர்களை வேலைக்கு வைத்து, கடைசியில் கதவை மூடும் இடத்துக்கு வந்திருக்கிறது. இது எப்படி நடந்தது? இதிலிருந்து தமிழ்நாட்டுக்கு என்ன தெரிகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்நிய நேரடி முதலீடு என்றால் என்ன?

ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கை ஷேர் மார்க்கெட்டில் வாங்கி, விலை ஏறினதும் விற்றுவிட்டால் அது நேரடி முதலீடு இல்லை. அதற்குப் பெயர் பங்கு முதலீடு.

நேரடி முதலீடு என்றால் கம்பெனியை நடத்துவதில் பேச்சுரிமை வேண்டும். சர்வதேச நாணய நிதியமும் ஓ.இ.சி.டி. அமைப்பும் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன: வாக்குரிமையில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல். அந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் வெறும் பங்குதாரர் இல்லை, முதலாளிகளில் ஒருவர்.

சுருக்கமாகச் சொன்னால், பணம் மட்டும் எல்லை தாண்டுவதில்லை. தீர்மானம் எடுக்கும் அதிகாரமும் எல்லை தாண்டுகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. முதலீடு ஏழை நாடுகளைத் தேடித்தான் போகும் என்று. உண்மையில் பல ஆண்டுகளாக உலகிலேயே அதிக அந்நிய நேரடி முதலீட்டை ஈர்ப்பது அமெரிக்கா. வாங்கும் சக்தி உள்ள வாடிக்கையாளர், தொழில்நுட்பம், நம்பக்கூடிய நீதிமன்றம் எல்லாம் எங்கே இருக்கிறதோ, பணம் அங்கே போகும்.

முதலில் வந்தது பிரிட்டன்

1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூரில் முதலில் நடந்தது ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டும் வேலை. பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும், இங்கே பூட்டுவார்கள்.

பிறகு லாரி, பஸ் தயாரிக்க இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஆனது. 1955-ல் லேலண்ட் பங்கும் போட, கம்பெனி பெயர் 'அசோக் லேலண்ட்' ஆனது. பாடப்புத்தக உதாரணம் மாதிரியான அந்நிய நேரடி முதலீடு.

அதே 1955-ல் பக்கத்து திருவொற்றியூரில் இன்னொன்று நடந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 'புல்லட்' வடசென்னை வண்டி ஆனது அப்படித்தான்.

ஆக, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷிப்ட் சங்கு ஊதியதற்கு அந்தக் காலத்தில் பிரிட்டன் பணமும் ஒரு காரணம். அந்தப் பணம் அப்படியே இங்கே நிலைத்து நின்றதா? இல்லை.

முதலாளி போனார், ஃபேக்டரி நின்றது

இங்கிலாந்தில் லேலண்டுக்கு அடி மேல் அடி. 1975-ல் பிரிட்டிஷ் லேலண்டை அரசே எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. 80-களில் துண்டு துண்டாக விற்றார்கள். பஸ் பிரிவு 1988-ல் ஸ்வீடனின் வால்வோ கைக்குப் போய், சில ஆண்டுகளில் பஸ் தயாரிப்பில் லேலண்ட் என்ற பெயரே பிரிட்டனில் இல்லாமல் போனது.

இந்தியாவில் இருந்த பங்கை 1987-ல் ஹிந்துஜா குழுமம் இத்தாலியின் இவெகோவுடன் சேர்ந்து வாங்கியது. பின்னர் இவெகோவும் விலகியது.

திருவொற்றியூரிலும் இதே கதைதான். ரெட்டிச் ஆலை மூடப்பட்டு, 1970-ல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு மொத்தமாக நின்றது. இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. 90-களில் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது.

முதலீடு போட்டவன் சொந்த ஊரிலேயே விழுந்துவிட்டான், முதலீடு வாங்கிய ஊர் பிழைத்துக்கொண்டது. ஏன்?

மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வெறும் பூட்டும் வேலையோடு நிற்கவில்லை. எஞ்சின், சேஸிஸ் என்று உள்ளே இருக்கும் பாகங்களைச் செய்யும் திறமையும் இங்கேயே வளர்ந்தது. இரண்டு, உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் சென்னையைச் சுற்றியே முளைத்தன. மூன்று, வாங்குபவர் உள்ளூரிலேயே இருந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு பஸ் வேண்டும், ராணுவத்துக்கு வண்டி வேண்டும்.

கையில் வேலை, பக்கத்தில் உதிரிபாகம், எதிரில் வாடிக்கையாளர். இந்த மூன்றும் இருந்ததால் லண்டனில் முதலாளி மாறினாலும் எண்ணூரில் லைன் நிற்கவில்லை.

திரும்பிப் போன முதலீடு

இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போகலாம். அங்கே சார்லஸ் எச். ரோ என்ற பழைய பஸ் பாடி கட்டும் கம்பெனி இருந்தது. அது லேலண்டுக்குச் சொந்தம். லாபமில்லை என்று 1984-ல் லேலண்ட் அதை மூடியது.

வேலை போனவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ஆலையின் மேலாளராக இருந்தவர் தலைமையில், உள்ளூர் நிர்வாக அமைப்பின் நிதி உதவியோடு, 1985-ல் அதே இடத்தில் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் ஆப்டேர்.

அந்தக் கம்பெனி கைமாறிக்கொண்டே இருந்தது. டச்சு முதலீடு வந்தது, போனது. ஹங்கேரியில் ஆலை வைத்திருந்த நாபி கம்பெனி வந்தது, போனது. 2010-ல் 26 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது அசோக் லேலண்ட். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அது 75.1 சதவீதம் ஆனது. பின்னர் கிட்டத்தட்ட முழுவதும்.

கவனித்தீர்களா? லேலண்ட் மூடிய ஆலையின் வாரிசை, லேலண்ட் முதலீடு போட்ட எண்ணூர் கம்பெனி வாங்கியது.

ஏன் வாங்க வேண்டும்? ஒரு கம்பெனி பணக்கார நாட்டில் முதலீடு போட பொதுவாக மூன்று காரணம் இருக்கும். அங்கத்திய சந்தை, அங்கத்திய தொழில்நுட்பம், அங்கத்திய பெயர். ஆப்டேரிடம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. எடை குறைந்த தாழ்தள பஸ் கட்டுவதில் அதற்கு நல்ல பெயர். மின்சார பஸ்ஸில் முன்கூட்டியே இறங்கிய கம்பெனி. பிரிட்டன் நகரங்களில் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

2011-ல் ஆலை லீட்ஸிலிருந்து ஷெர்பர்னுக்கு மாறியது. அதன் 'மெட்ரோடெக்கர்' என்ற இரட்டை மாடி மின்சார பஸ் லண்டனிலும் யார்க் நகரிலும் ஓடியது. 2020 நவம்பரில் ஆப்டேர் பெயர் 'ஸ்விட்ச் மொபிலிட்டி' ஆனது.

பிறகு ஏன் சறுக்கியது?

பிரிட்டனில் மின்சார பஸ் ஆர்டர் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. அரசு மானியம் வந்தால்தான் பஸ் கம்பெனிகள் ஆர்டர் போடும். மானியம் தாமதமானால் லைன் காலி. இன்னொரு பக்கம் சீனாவின் பி.ஒய்.டி., யூடாங் கம்பெனிகள் விலையில் நெருக்கின.

இது ஸ்விட்சின் தலையெழுத்து மட்டும் இல்லை. பிரிட்டனின் பெரிய பஸ் கம்பெனியான அலெக்சாண்டர் டென்னிஸ், கனடாவின் என்.எஃப்.ஐ. குழுமத்துக்குச் சொந்தம். அதுவும் 2025 ஜூனில் ஸ்காட்லாந்து ஆலைகளில் வேலையை நிறுத்தும் திட்டத்தை அறிவித்தது. அங்கே ஸ்காட்லாந்து அரசு உள்ளே வந்தது. ஊழியர்களைத் தக்கவைக்க நிதி கொடுத்தது. ஆலை தப்பியது.

ஷெர்பர்னுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அங்கே உற்பத்தியை நிறுத்தி, இனி பஸ் தேவைப்பட்டால் இந்தியாவிலும், ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலும் இருக்கும் குழுமத்தின் ஆலைகளிலிருந்து அனுப்பலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

யார்க்‌ஷயரில் பெயின்ட் அடித்தவர், வயரிங் போட்டவர் பார்வையில் இதை யோசித்துப் பாருங்கள். அவர் வேலையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது சென்னையில் எடுக்கப்பட்ட தீர்மானம். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிலாளர்கள் 2021 செப்டம்பரில் எப்படி உணர்ந்தார்களோ, அதேதான். அன்றைக்குத் தீர்மானம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது ஃபோர்டு. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது.

முதலாளி வெள்ளைக்காரரா, நம்ம ஆளா என்பதில் ஒன்றுமில்லை. நஷ்டக் கணக்கு ஒரே மொழியில்தான் பேசும்.

அசோக் லேலண்ட் யாருடைய கம்பெனி?

இங்கே ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அசோக் லேலண்டின் தலைமை அலுவலகம் கிண்டியில். பங்குகள் இந்தியப் பங்குச் சந்தையில். ஆனால் அதன் முக்கியப் பங்குதாரரான ஹிந்துஜா ஆட்டோமோட்டிவ், பிரிட்டனில் பதிவான கம்பெனி.

அதாவது புள்ளிவிவரத்தில் பார்த்தால், பிரிட்டன் கம்பெனி இந்தியாவில் நேரடி முதலீடு வைத்திருக்கிறது. அந்த இந்தியக் கம்பெனி திரும்பவும் பிரிட்டனில் நேரடி முதலீடு வைத்திருக்கிறது. சட்டப்படி இதில் தப்பில்லை. பெரிய குழுமங்களில் இது சாதாரணம்.

ஆனால் 'இந்த நாட்டிலிருந்து இவ்வளவு முதலீடு வந்தது' என்ற பட்டியலைப் படிக்கும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும். இந்தியாவுக்கு அதிக முதலீடு அனுப்பும் நாடுகளில் சிங்கப்பூரும் மொரீஷியஸும் எப்போதும் மேலே இருக்கும். அந்தப் பணம் எல்லாம் அந்த ஊர்க்காரர்களுடையது இல்லை. பல நாட்டுப் பணம் அந்த வழியாக வருகிறது. பட்டியலில் தெரிவது பணம் கடைசியாக ஏறின ஸ்டேஷன். கிளம்பின ஊர் இல்லை.

அதே பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு என்ன செய்தது?

திருவொற்றியூர் கம்பெனியும் பிரிட்டனில் முதலீடு போட்டது. ஆனால் வேறு மாதிரி. அது அங்கே வண்டி தயாரிக்கும் ஆலை கட்டவில்லை. லெஸ்டர்‌ஷயரில் உள்ள பிரன்டிங்தார்ப்பில் 2017-ல் ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தது. வடிவமைப்பு, எஞ்சின் வேலை, சோதனை ஓட்டம் எல்லாம் அங்கே. வண்டி தயாரிப்பு தமிழ்நாட்டில்.

2018-ல் வந்த 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளில் அந்த மையத்தின் பங்கு பெரியது. பிரிட்டனில் யோசித்து, தமிழ்நாட்டில் செய்து, மறுபடி பிரிட்டனுக்கே ஏற்றுமதி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பணக்கார நாட்டில் சம்பளம் அதிகம், கரன்ட் செலவு அதிகம். அங்கே ஆலை நடத்த வேண்டுமென்றால் ஆர்டர் நிற்காமல் வர வேண்டும். ஆனால் அங்கத்திய மூளைக்குக் கொடுக்கும் காசு, ஆயிரக்கணக்கான வண்டிகளில் பரவிவிடும்.

டாடா குழுமத்துக்கும் இரண்டு அனுபவமும் உண்டு. 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர் அதற்கு வடிவமைப்பையும் பிராண்டையும் கொடுத்தது. 2007-ல் வாங்கிய கோரஸ் ஸ்டீல் நீண்ட காலத் தலைவலியானது. வேல்ஸின் போர்ட் டால்போட்டில் கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30-ல் அணைக்கப்பட்டது. புது மின்சார உலைக்கு பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்ட் தருகிறது. அப்படியும் ஆயிரக்கணக்கான வேலை போனது.

வியாசர்பாடிக்கு வந்தது என்ன?

அப்போது ஆப்டேரில் போட்ட பணம் எல்லாம் வீணா? முழுசாக அப்படிச் சொல்ல முடியாது.

மின்சார பஸ் கட்டும் அனுபவம் ஸ்விட்சின் இந்தியப் பிரிவுக்கு வந்தது. 2022-ல் மும்பையில் அறிமுகமான ஏ.சி. இரட்டை மாடி மின்சார பஸ், அதே ஆண்டு வந்த 12 மீட்டர் பஸ் இரண்டுக்கும் பிரிட்டன் அனுபவம் கைகொடுத்தது என்பதை கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. இன்று எம்.கே.பி. நகரிலிருந்து கிளம்பும் மின்சார பஸ்ஸுக்குள் யார்க்‌ஷயரில் கற்ற பாடமும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் கற்றுக்கொண்ட வித்தை இங்கே வந்துவிட்டது. கற்றுக்கொடுத்த தொழிலாளி அங்கே வேலையில்லாமல் நிற்கிறார். அந்நிய முதலீட்டின் லாபமும் நஷ்டமும் ஒரே ஆள் கணக்கில் விழுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடி உதாரணம் வேண்டாம்.

வடசென்னைக்கும் இதில் கேள்விகள் உண்டு. இந்த பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை. அசோக் லேலண்ட் குழுமத்தின் ஓம் கம்பெனி பஸ்ஸை ஓட்டும்; ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டும். டிரைவர் தனியார் ஊழியர், கண்டக்டர் கழக ஊழியர். தொழிற்சங்கங்கள் இதைத்தான் எதிர்த்தன. உலக வங்கி ஆதரவுள்ள திட்டத்தில் இப்படி மொத்தம் 625 மின்சார பஸ்கள் சென்னைக்கு முதல் கட்டமாக வருகின்றன.

இன்னொன்று, டீசல் வண்டியைவிட மின்சார வண்டியில் ஓடும் பாகங்கள் ரொம்பக் குறைவு. எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் வேலை தெரிந்த கைகள் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஏராளம். பேட்டரி, மோட்டார், மென்பொருள் வேலைக்கு அவர்களைப் பழக்கப்போவது யார் என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆலையை மூடினால் சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 90 நாளுக்குள் 100 பேர் அல்லது அதற்கு மேல் ஆட்குறைப்பு செய்வதாக இருந்தால், குறைந்தது 45 நாள் முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளுடன் கலந்தாய்வு தொடங்க வேண்டும். 20 முதல் 99 பேர் என்றால் 30 நாள். ஆனால் மூடுவதற்கு அரசின் அனுமதி தேவையில்லை.

இந்தியாவில் பழைய தொழில் தகராறு சட்டப்படி 100 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 300 ஆக உயர்த்தியது. 299 பேர் வேலை செய்யும் ஆலைக்கு இனி அந்த அனுமதி தேவையில்லை.

பணக்கார நாடுகள் வேறொரு பக்கம் கதவை இறுக்குகின்றன. 2022 ஜனவரி 4 முதல் பிரிட்டனில் தேசியப் பாதுகாப்பு மற்றும் முதலீட்டுச் சட்டம் அமலில் இருக்கிறது. பாதுகாப்பு தொடர்பான துறைகளில் வெளியார் பங்கு வாங்கினால் அரசு தடுக்கலாம். வரும்போது கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது. போகும்போது கேட்கும் சட்டம் பலவீனம்.

தமிழ்நாடு கவனிக்க வேண்டியது என்ன?

2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். இப்படித் தொகை வரும்போதெல்லாம் அரசியல்வாதிகள் அதன் அளவைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். எண்ணூரும் ஷெர்பர்னும் சொல்வது, அளவைவிட முக்கியமான கேள்விகள் நான்கு இருக்கின்றன என்பதை.

ஒன்று: தீர்மானம் எங்கே எடுக்கப்படும்? இங்கே ஒரு லைன் மட்டுமா, வடிவமைப்புப் பிரிவும் இருக்குமா?

இரண்டு: உதிரிபாகம் எங்கிருந்து வரும்? பெட்டியில் வந்து இறங்கிப் பூட்டுவது மட்டும் என்றால், பெட்டி திசை மாற அதிக நாள் ஆகாது.

மூன்று: வாங்குபவர் யார்? ஒரே வாடிக்கையாளர், ஒரே மானியம் என்றால் ஆபத்து. ஷெர்பர்ன் மாட்டியது அங்கேதான்.

நான்கு: கம்பெனி கிளம்பினால் தொழிலாளி கையில் என்ன மிஞ்சும்? வேறு இடத்தில் வேலை தரும் திறமையா, வெறும் செட்டில்மென்ட் காசோலையா?

நான்காவது கேள்விக்கு ஸ்ரீபெரும்புதூர் ஒரு பதில் வைத்திருக்கிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை இழந்தார்கள். அந்த வட்டாரம் பிறகு மறுபடி செல்போன் தொழிலுக்குத் திரும்பியது. சாலை, துறைமுகம், பழகிய கைகள் இருந்ததால் வேறு கம்பெனிகள் வந்தன. ஊர் எழுந்தது. ஆனால் நடுவில் போன ஆண்டுகளுக்கு அந்தப் பெண்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

லீட்ஸில் 1984-ல் ஆலை மூடியபோது உள்ளூர் நிர்வாகம் பணம் போட்டுத் தொழிலாளர்களை நிமிர வைத்தது. 2025-ல் ஸ்காட்லாந்து அரசு அதையே செய்தது. தமிழ்நாட்டில் ஒப்பந்தம் போடும் நாளிலேயே, ஆலை மூடினால் தொழிலாளிக்கு மறுபயிற்சியும் இடைக்கால உதவியும் யார் கொடுப்பது என்று ஒரு பிரிவு சேர்க்கலாம். மானியமும் நிலமும் வரிச்சலுகையும் கொடுக்கிற அரசுக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது.